ஓடுவது எது? செலவாவது எது?

நம்மவர் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் பௌதிகவியல் ஆசிரியனுக்குப் பெருந்தொல்லை கொடுப்பது 'கறண்ட்' என்னும் ஒரு சொல்லேயாகும். "கறண்ட் வந்திட்டுது" என்று சிறுவர் ஆர்ப்பரிக்கின்றனர். "கறண்ட் காசு கூடிப் போச்சு" என்று தாய் சலித்துக் கொள்கிறாள். "கறண்ட் அடிச்சுப் போட்டுது" என்று தச்சன் கையை உதறுகிறான். "கறண்ட் காணாது, மோட்டர் இழுக்குதில்லை" என்று தோட்டக்காரர் முறையிடுகிறார். முதலாவது கூற்றிலே அச்சொல் வழங்கலைக் குறிக்கின்றது; இரண்டாவதிலே சக்தியை; மூன்றாவதிலே உண்மையாகவே ஓட்டத்தை; நான்காவதிலே அழுத்தத்தை. இவ்வாறு நான்கு பொருள்களுக்கு ஒரே பெயரிட்டு வழங்கும் வீட்டிலே பதினாறு ஆண்டுகள் வளர்ந்த பிள்ளை, உயர்தர வகுப்பில் வந்து அமர்ந்ததும், அந்நான்கையும் நான்காகப் பிரித்துக் காண வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பிரிவினை நிகழ்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். அவ்வாறு நிகழ்வதில்லை. பிள்ளை சூத்திரத்தை மனனஞ் செய்து கொள்கிறது. வீட்டுச் சொல்லோ நெஞ்சின் அடியில் அசையாது கிடக்கிறது.

நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்தது 1991 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டில். அதற்கு முந்திய ஆண்டிலே போர் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்றுப் போயிருந்தது. உலர்மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களுட் சேர்ந்திருந்தன. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சையிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயைச் சிக்கனமாக வார்த்து, திரி ஏற்றிய விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். அத்தகைய ஊரிலே, அத்தகைய காலத்திலே, ஓட்டமின்னியல் படிப்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது என்று சொன்னால் கேட்போர் இரங்குவதுண்டு. இரக்கத்துக்கு இடமில்லை என்றே சொல்வேன். மின்சாரமற்ற அந்த ஐந்தாறு ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் மின்சுற்றைப் பற்றிக் கையால் அறிந்திருந்த அளவுக்கு, ஆளியைத் தட்டியவுடன் வெளிச்சம் பெறும் காலத்துப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை என்பது என் கருத்து.

காரணம் சைக்கிள். மாலையானதும் வீட்டு முற்றத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, பின்சில்லோடு உராய்ந்து சுழலும் டைனமோவிலிருந்து இழுத்த கம்பி வானொலிப் பெட்டிக்குச் செல்லும். சுற்றி வீட்டாரும் அயலாரும் குந்தியிருந்து செய்தி கேட்பர். சுழற்றுபவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பதோ நேரோட்டம். ஆகையால், பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளை இடையிலே கோத்து ஒருவழிப் படுத்தினர். இருவாயி என்ற சொல்லை அறியாத பதினான்கு வயதுப் பையன்கள், அதை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்பதைத் திட்டமாக அறிந்திருந்தனர்.

அந்த டைனமோவே எனக்குப் பாடநூலாயிற்று. வகுப்பிலே முதல் நாள் ஒரு வினாவைக் கேட்பேன்: "டைனமோவிலிருந்து விளக்குக்கு எத்தனை கம்பி போகுது?"

"ஒண்டு, சேர்."

"போனது எந்த வழியாலே திரும்பி வருகுது?"

வகுப்பு மௌனமாகிவிடும். திரும்பி வரவேண்டும் என்ற எண்ணமே பலருக்கு இருந்ததில்லை. டைனமோவிலே வெளிச்சம் உண்டாகிறது, கம்பி வழியே அது விளக்குக்குப் போகிறது, அங்கே எரிந்து தீர்ந்துவிடுகிறது. இதில் திரும்பி வர என்ன இருக்கிறது? எண்ணெய் போன்றதொரு பொருளாகவே மின்னை அவர்கள் கருதியிருந்தனர். போத்தலிலிருந்து திரி வழியே ஏறி எரிந்து போகும் எண்ணெய் திரும்பி வருவதில்லை அல்லவா?

பின்னர் மாணாக்கன் ஒருவனுடைய சைக்கிளை வகுப்பறைக்குள்ளே கொண்டுவரச் செய்வேன். விளக்கைச் சட்டகத்திலிருந்து கழற்றி, கம்பி தொடுத்தபடியே, ஒருவன் கையிற் பிடித்துக் கொள்வான். மற்றவன் சில்லைச் சுழற்றுவான். விளக்கு எரியாது. விளக்கின் உலோக உடலைச் சைக்கிளின் இரும்பிலே தொட்டவுடன் பளிச்சென எரியும். நிறப்பூச்சு உள்ள இடத்திலே தொட்டால் எரியாது. பூச்சைச் சுரண்டிய இடத்திலே தொட்டால் எரியும். இரண்டாவது கம்பி இல்லாமல் இல்லை. அவர்கள் நாள்தோறும் ஏறி உட்காரும் சைக்கிளே அந்த இரண்டாவது கம்பி. இந்தச் சிறு செய்கையை முப்பதாண்டுகளில் எத்தனை வகுப்புகளுக்குச் செய்து காட்டினேன் என்பது நினைவில்லை. ஒரு வகுப்பிலேனும் அது சோர்வாக முடிந்ததில்லை.

சுற்று என்பது மூடியதாக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வாறு நிலைநாட்டிய பின்னரே அடுத்த தடை எழும்பும். ஓட்டம் திரும்பி வருகிறது என்பதைப் பிள்ளைகள் ஏற்றுக் கொள்வர். ஆனால், குறைந்து திரும்புகிறது என்று சாதிப்பர். பத்துப் போனால் ஆறு வரும். நான்கை விளக்கு உண்டுவிட்டது. இது மிகவும் நியாயமான எண்ணம். எங்கள் ஊரிலே இவ்வெண்ணத்துக்கு மேலும் ஓர் ஆதாரம் உண்டு. பாடநூல்கள் மின்னோட்டத்தை விளக்க நீரோட்டத்தை உவமையாக்குகின்றன. இவ்வுவமையை ஆக்கியவர் குழாய்களினுள்ளே சுழன்று வரும் நீரை மனத்திற் கொண்டிருந்தார் போலும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்ட நீரோ கிணற்றிலிருந்து இறைக்கப்பட்டு, வாய்க்கால் வழியே ஓடி, வெங்காயப் பாத்தியிலும் புகையிலைக் கன்றடியிலும் ஊறிப்போவது. முதற் பாத்திக்கு நிறைய, கடைசிப் பாத்திக்குக் கொஞ்சம். அதிலே ஒரு சொட்டும் கிணற்றுக்குத் திரும்பி வரக் கண்டவர் இல்லை. ஆகவே, "நீர் போன்றது மின்னோட்டம்" என்று ஆசிரியன் வாய் திறந்த அக்கணமே, தோட்டக்காரர் பிள்ளை, ஓட்டம் வழியிலே செலவாகிறது என்ற முடிவைத் தன் சொந்த அனுபவத்தைக் கொண்டு உறுதி செய்து கொள்கிறது. உவமை எவருடைய ஊரிலே பிறந்தது என்பதை ஆராயாமல் வகுப்புக்குக் கொண்டு செல்வது நன்றன்று.

எனவே, நான் நீரை விட்டுச் சைக்கிள் சங்கிலியைப் பிடித்துக் கொண்டேன். மிதிக்கும் இடத்திலே மின்கலம், பின்சில்லிலே விளக்கு, இடையிலே ஓடும் சங்கிலி ஓட்டம். மேற்பக்கத்திலே நிமிடத்துக்கு நூறு கண்ணிகள் கடந்தால் கீழ்ப்பக்கத்திலும் நூறு கண்ணிகளே கடக்க வேண்டும். பின்சில்லு ஒரு கண்ணியைத் தானும் தின்பதில்லை. மிதித்த மாத்திரத்தே சில்லு சுழல்கிறது. மிதியிலுள்ள கண்ணி சில்லை வந்தடையும் வரையில் காத்திருப்பதில்லை.

ஆயினும், உவமையைக் காட்டி ஒருவனை நம்பச் செய்தல் பௌதிகவியலாகாது. அளந்து காட்ட வேண்டும். அம்பியர்மானிகள் ஆய்வுகூடத்திலே இருந்தன; அவற்றுட் பல பழுதாகியிருந்தன. பழைய மாற்றி ஒன்றிலிருந்து உரித்த மெல்லிய செப்புக் கம்பியைத் தீப்பெட்டியின் மேலே பல சுற்றுகளாகச் சுற்றி, ஒலிபெருக்கிக் காந்தத்திலே தேய்த்த தையலூசியை நூலிலே தொங்கவிட்டோம். ஓட்டம் பாயும்போது ஊசி விலகும். 1820 இலே ஏர்சுட்டெட்டு கண்ட அதே விளைவு. எவர் வீட்டிலிருந்தோ அரைவாசி இறந்த உலர்கலங்கள் இரண்டு வந்து சேரும். அவற்றை வெயிலிற் காயவைத்துச் சிறிது உயிரூட்டிக் கொள்வோம்.

சுற்றை மூடுவதற்கு முன்பு வகுப்பிலே கருத்துக் கேட்பது என் வழக்கம். "சுருளை விளக்குக்கு முன்னாலே வைச்சால் ஊசி கூட விலகுமோ, பின்னாலே வைச்சால் கூட விலகுமோ, ரண்டிலும் ஒரே அளவோ? கையை உயர்த்துங்கோ." பெரும்பாலான கைகள் முன்னாலே என்பதற்கே உயரும். பின்னாலே என்போரும் இருப்பர். மின்னணுக்கள் மறைமுனையிலிருந்து புறப்படுகின்றன என்று எங்கோ படித்த கெட்டிக்காரர் அவர்கள். பிறகு அதே சுருளை முதலில் ஒரு பக்கத்திலும் அடுத்து மறுபக்கத்திலும் வைத்துக் காட்டுவோம். விலகல் ஒன்றே. எவரும் உடனே நம்புவதில்லை. கலங்களைத் திருப்புவர், சுருளை மாற்றுவர், விளக்கை மாற்றுவர். அந்த நம்பாமையை நான் பெரிதும் விரும்பினேன். ஆசிரியர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டும் வகுப்பை விட, ஊசியோடு வழக்காடும் வகுப்பு மேலானது.

இவ்வாறு வழக்காடியவர்களுள் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஊசி காட்டியதை ஏற்றுக் கொண்டாள். ஏற்றுக் கொண்ட பின்பே தொல்லை தொடங்கிற்று. "சேர், போனதெல்லாம் அப்படியே திரும்பி வருகுது எண்டால், முந்தி கறண்ட் இருந்த காலத்திலே மாசம் மாசம் என்னத்துக்குக் காசு கட்டினவை? எங்களுக்கு அவை ஒண்டும் தரேல்லையே?"

உயர்தரப் பரீட்சையிலே இவ்வினா வருவதில்லை. ஆயினும், மின்னியல் அத்தியாயம் முழுவதும் இவ்வினாவுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. அவளையே எழுப்பி, கவிழ்த்த சைக்கிளின் மிதியைச் சுழற்றச் சொன்னேன்; விளக்கைத் தொடுக்காதபோது ஒருமுறை, தொடுத்தபோது ஒருமுறை. தொடுத்தவுடன் மிதி கனத்தது. "சங்கிலி குறைஞ்சதோ, பிள்ளை?" "இல்லை, சேர்." "அப்ப உனக்கு ஏன் கை நோகுது?" அவள் சிரித்துவிட்டாள். கண்ணிகள் திரும்பி வருகின்றன. கைப்பாடு திரும்பி வருவதில்லை. இலக்சபானையிலே வீழும் நீரின் பாட்டுக்கும், அனல்மின் நிலையத்திலே எரியும் எண்ணெய்க்குமே நாம் பணம் கட்டுகிறோம். ஆயிரம் உவாற்று வலுவை ஒரு மணித்தியாலம் பயன்படுத்தினால் ஓர் அலகு. பழைய அறுபது உவாற்றுக் குமிழ் ஓர் அலகைப் பதினேழு மணித்தியாலத்துக்குள்ளே தீர்த்துவிடும். இன்றைய ஒன்பது உவாற்று எல்.ஈ.டி. விளக்கு நூறு மணித்தியாலத்துக்கு மேலும் எரியும். ஓட்டம் வேறு, சக்தி வேறு என்ற பிரிவினை அன்று அந்த வகுப்பிலே நிகழ்ந்தது; சூத்திரம் அதற்குப் பிறகே வந்தது.

இந்த மயக்கம் எங்கள் ஊருக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்திலே லில்லியன் மக்டெர்மொட் என்னும் அம்மையாரும் பீற்றர் சாவர் என்பவரும் இத்துறையை ஆராய்ந்து 1992 இலே வெளியிட்ட கட்டுரைகள், பல்கலைக்கழக மாணவரிடத்தும் இதே எண்ணங்கள் வேரூன்றியிருப்பதைக் காட்டின: ஓட்டம் வழியிலே செலவாகிறது, மின்கலம் எச்சுற்றுக்கும் ஒரே ஓட்டத்தையே வழங்குகிறது. 1997 இலே வெளிவந்த கல்விப் படமொன்றிலே, மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியின் பட்டமளிப்பு நாளன்று அங்கியணிந்து நின்ற பட்டதாரிகளிடம் ஒரு மின்கலம், ஒரு குமிழ், ஒரு கம்பி ஆகிய மூன்றையும் கொடுத்து, எரிய வைக்குமாறு கேட்டனர். சிலரால் இயலவில்லை. எங்கள் சைக்கிள் பையன்கள் அங்கு நின்றிருக்கலாமே என்று அதை அறிந்தபோது என்னுள் ஒரு சிறு கர்வம் எழுந்ததை மறைப்பானேன்?

மின்னணுக்கள் எவ்வளவு விரைவாக ஓடுகின்றன என்ற கணக்கும் வகுப்பைத் திடுக்கிட வைப்பது. 'ஓட்டம்' என்ற பெயரே பிள்ளைகளின் மனத்தில் ஒரு குதிரைப் பாய்ச்சலை உண்டாக்கிவிடுகிறது. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியிலே ஓர் அம்பியர் பாயும்போது மின்னணுக்கள் நகரும் வேகத்தைக் கணித்தால், செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கும் இல்லை. ஒரு மீற்றரைக் கடக்க நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகும். நத்தை அதைவிட மிக விரைவானது. "அப்ப ஆளி போட்டவுடனே விளக்கு எரியுதே?" என்று கேட்பர். சங்கிலியைக் காட்டினாற் போதும்.

சங்கிலி உவமையும் ஓரிடத்திலே அறுந்து போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமாந்தரச் சுற்றிலே ஓட்டம் கிளைக்கிறது, சங்கிலி கிளைப்பதில்லை. இரண்டாவது விளக்கைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை குறைகிறது என்பது பிள்ளைகளுக்கு எளிதிற் செரிக்காத ஒன்று. தடையோடு தடை சேர்ந்தால் கூடத்தானே வேண்டும்? இதற்குத் திருவிழாவே துணை. தேர் இருப்புக்கு வந்த பின்னர் சனம் ஒரே வாயிலால் வெளியேறுகிறது. பக்கத்து வாயிலையும் திறந்துவிட்டால், அது எத்துணை ஒடுங்கியதாயினும், நெருக்கம் தணிகிறது. வாயில் ஒவ்வொன்றும் ஒரு தடையே. ஆயினும், பக்கத்திலே திறந்த தடை ஒரு வழியுமாகும்.

ஓம் என்ற பெயரைச் சொல்லும்போது அம்மனிதரைப் பற்றியும் சிறிது சொல்லாமல் நான் விட்டதில்லை. கியோர்க் சீமோன் ஓம், செருமனியின் கேல்ன் நகரத்துப் பாடசாலை ஒன்றிலே கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்த ஆசிரியர். பாடசாலைக் கருவிகளைக் கொண்டே தம் ஆராய்ச்சியை நடத்தினார். முதலிலே அவர் பயன்படுத்திய உவோற்றாவின் கலங்கள் அளக்கும்போதே தளர்ந்து போயின. அரைவாசி இறந்த கலங்களோடு போராடிய எங்களுக்கு இச்செய்தி பெரும் ஆறுதல். பின்னர் பிசுமதுவையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, தளராத மின்னியக்கத்தைப் பெற்றார். காந்த ஊசியின் விலகலைக் கொண்டே ஓட்டத்தை அளந்தார். 1827 இலே நூல் வெளியாயிற்று. தாய்நாட்டிலே அதை மதித்தவர் சிலரே. இலண்டன் வேத்தியற் கழகம் கொப்பிளிப் பதக்கத்தை வழங்கியது 1841 இலே. கொதிநீர் எங்களிடமும் இருந்தது; பனிக்கட்டிதான் இல்லை. "அப்ப ஓம் எங்களைவிட ஒரு சாமான் கூட வைச்சிருந்தவர்" என்றான் ஒரு குறும்பன்.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மின்னியக்க விசை' என்பது விசையன்று; அதை உவோற்றிலே அளக்கிறோம், நியூற்றனிலே அன்று. பிறமொழியிலே ஏற்பட்ட பிழைப்பெயரை நாமும் பிழை குன்றாமல் பெயர்த்து வைத்திருக்கிறோம். எலுமிச்சையைக் கொண்டு இதைத் தெளிவுபடுத்தலாம். ஊரிலே தேசிக்காய் என்போம். இறந்த கலத்தின் நாக உறையிலே ஒரு துண்டும் ஒரு செப்புக் கம்பியும் தேசிக்காயிலே குத்தினால் ஏறத்தாழ ஓர் உவோற்று. ஐந்தைத் தொடராக இணைத்தால் உவோற்றுமானி நாலுக்கு மேலே காட்டும். ரோச் குமிழைத் தொடுத்தாலோ அது கண் விழிக்காது. அழுத்தம் உண்டு, ஓட்டம் தரும் ஆற்றல் இல்லை. பழத்தின் அகத்தடை அவ்வளவு பெரிது. மோட்டர் போட்டவுடன் வீட்டு விளக்கு மங்குவதும் இதற்கு உறவான விடயமே. நீண்ட கம்பியின் தடையிலே அழுத்தத்தில் ஒரு பங்கு விழுந்து போகிறது.

இக்காலத்திலே பாடசாலைகளுக்கு நல்ல கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் இழை கொண்ட குமிழ் அருகிவருவது எனக்குக் கவலை தருவது. எல்.ஈ.டி. விளக்கு மிகச் சிறந்தது, சிக்கனமானது. தொடக்க வகுப்புக்கு மாத்திரம் ஏற்றதன்று. அது ஒரு பக்கமாக இணைத்தால் எரியும், மறுபக்கமாக இணைத்தால் எரியாது. ஒற்றை உலர்கலத்துக்கு அசையாது. ஓட்டம் கூடக் கூடப் படிப்படியாகச் சிவந்து வெண்மையாகும் இழையைப் பிள்ளை கண்ணாற் காண வேண்டும். பழைய கடைகளின் மூலையிலே இழைக் குமிழ்களைக் கண்டால் நான் இன்றும் வாங்கி வைப்பதுண்டு. ஒத்த இரு குமிழ்களைத் தொடராக இணைத்து, "எது பிரகாசம்?" என்று கேட்டால், முன்னுக்கு இருப்பதே என்பர். உண்மையிலேயே ஒன்று சற்றுப் பிரகாசமாக எரிவதும் உண்டு. தொழிற்சாலையிலே இரு குமிழ்கள் முற்றும் ஒத்துப் பிறப்பதில்லை. அப்போது குமிழ்களை இடம் மாற்ற வேண்டும். பிரகாசமும் குமிழோடு கூடவே இடம் மாறும். இந்த மாற்றத்தைச் செய்யாத ஆசிரியர், பிள்ளையின் தவறான எண்ணத்துக்குச் சான்று கொடுத்தவராகிறார்.

போர் முடிந்த பின்னர் எனக்கு வன்னியிலே ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. கம்பங்கள் நடப்பட்டு, ஊர் ஊராக மின்சாரம் வந்து கொண்டிருந்த காலம். வெளிச்சத்தைப் பார்த்திராத சிற்றூர்களுக்கும் இருநூற்று முப்பது உவோற்று வந்தது. அதன் கூடவே வேறொன்றும் வந்தது. கச்சானையும் மரவள்ளியையும் கிளறி அழிக்கும் காட்டுப் பன்றியைத் தடுப்பதற்காக, தோட்டத்தைச் சுற்றி ஒற்றைக் கம்பியை முழங்கால் உயரத்திலே கட்டி, இரவிலே அதற்கு நேரே வீதிக் கம்பியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வழக்கம். சட்டத்துக்கு விரோதமானது, இதனால் மனிதர் மாண்ட செய்திகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பத்திரிகைகளில் வருகின்றன.

அங்கே ஒருநாள் வகுப்பிலே 'ரிப் சுவிச்' என்று மின்வேலை செய்வோர் கூறும் கருவியை விளக்கிக் கொண்டிருந்தேன். அக்கருவிக்கு அடிப்படை, ஊசிச் சோதனையிலே பிள்ளைகள் கண்ட அதே உண்மை. வீட்டுக்குள்ளே போகும் ஓட்டமும் திரும்பி வரும் ஓட்டமும் சமமாக இருக்கும்வரை அது வாளாவிருக்கும். போனதிலே முப்பது மில்லியம்பியர் திரும்பி வரவில்லையென்றால், அது வேறு எவ்வழியாகவோ, பெரும்பாலும் ஓர் உடலின் வழியாக, நிலத்துக்குப் போகிறது என்று கொண்டு கண்ணிமைப் பொழுதிலே சுற்றைத் துண்டித்துவிடும். ஓட்டம் செலவாகும் பொருளாக இருந்திருந்தால் இத்தகைய கருவியை எவராலும் ஆக்கியிருக்க முடியாது.

பின்வாங்கிலே இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அதிகம் பேசாதவன். "சேர், சுற்று மூடியிருந்தால்தானே ஓடும்? பண்டிக்குக் கட்டிற கம்பி ஒண்டுதானே? அதிலே சுற்று எங்கை?"

வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் ஏன் கேட்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது; எனக்கும் தெரிந்தது. சைக்கிளை வகுப்புக்குள்ளே கொண்டு வரச் சொன்னேன். ஒற்றைக் கம்பி, சட்டகம், விளக்கு. பின்னர் கரும்பலகையிலே கம்பம், மாற்றி, கம்பி, மனிதன் ஆகியவற்றை வரைந்தேன். மாற்றியின் நடுநிலைக் கம்பி அங்கேயே நிலத்திலே புதைக்கப்பட்டிருக்கிறது. சைக்கிளுக்குச் சட்டகம் எதுவோ, தோட்டத்துக் கம்பிக்கு ஈரமண் அதுவே. சுற்றிலே ஓர் இடைவெளி மாத்திரம் இருக்கிறது. கம்பியிலே முட்டுகிற பன்றியோ, வெறுங்காலோடு வருகிற மனிதனோ அந்த இடைவெளியை மூடுகின்றனர். ஈரமான உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டு, பாயும் ஓட்டத்தை அவனையே கணிக்கச் சொன்னேன். 0.23 அம்பியர் என்றான். முப்பது மில்லியம்பியரின் ஏழு மடங்குக்கு மேல். "ரோச் குமிழுக்கு எவ்வளவு எழுதியிருக்கு?" குமிழின் கழுத்தைப் பார்த்து வாசித்தான்: 0.3 அம்பியர். ரோச் குமிழை எரிக்கும் ஓட்டத்திலும் குறைந்தது ஒரு மனிதனுக்குப் போதும். வீதிக் கம்பியிலிருந்து நேரே எடுப்பதால், இடையிலே ரிப் சுவிச்சும் இல்லை.

அந்தப் படத்தைப் பிரதி செய்து கொண்டு போனான். இரண்டு நாட்களுக்குப் பிறகு அவனுடைய தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். கோபமாக வருகிறார் என்று அதிபர் அஞ்சினார். அவர் கோபிக்கவில்லை. மரநிழலிலே குந்தியிருந்து, "மாஸ்டர், பொடியன் கீறிக் காட்டினவன். விளங்குது. ஆனால் பண்டிக்கு நான் என்ன செய்ய?" என்றார். அதற்கு என்னிடத்திலே பௌதிகவியலில் ஒரு விடை இருந்தது. யானை வேலிகளிலே பூட்டும் கருவி மின்னைத் துடிப்புத் துடிப்பாக, செக்கனுக்கு ஒரு தடவை அளவிலே, மிகச் சிறு கணத்துக்கு மாத்திரம் விடுகிறது. விலங்கு அதிர்ந்து விலகும், சாவதில்லை. அதன் விலையையும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். அரை ஏக்கர்க் கச்சானின் வரும்படி அவருக்கும் எனக்கும் தெரியும். "பார்ப்பம்" என்று சொல்லி எழுந்து போனார்.

அடுத்த கிழமை அவ்வழியாகச் சென்றபோது கம்பி அங்கே இல்லை. தோட்டத்து மூலையிலே ஒரு பரண் கட்டப்பட்டிருந்தது. தட்டுவதற்கு ஒரு பழைய தகரமும் தொங்கிற்று. முன்னிரவுக்குத் தகப்பன், பின்னிரவுக்கு மகன் என்று முறை வகுத்துக் கொண்டனராம். கச்சான் பிடுங்கும் வரையில் காலை முதற்பாடத்திலே அவன் பின்வாங்கில் தலை சாய்த்து உறங்கினான். அவனை எழுப்ப வேண்டாம் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தேன். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையிலே அவனுக்குத் தனியே படிப்பித்தேன்.